அடங்கியது அவிந்ததாகாது
(புதுக்கோட்டையில் மாணவரிடை நிகழ்த்தப்பெற்ற உரை)



நார்த்தாமலை, குடுமியான்மலை முதலிய இம்மாவட்டக் குன்றுகளின் மொட்டைப் பாறைகளைக் கண்டோர் சிலர், ‘இவை அவிந்த எரிமலைகளோ?’ என வினவுவர். அல்ல. அவை பலகோடி ஆண்டுகட்குமுன் நிலத்தின் ஆழத்தே வெந்தும் உருகியும், பின் மெல்லக் குளிர்ந்தும் இறுகிய கருங்கல் வகையின. மேலிருந்தவை தேய்ந்தொழியவே அவை வெளிப்பட்டன. மெல்லக் குளிர்ந்தமையால் அவற்றின் மணிகள் கண்ணுக்குப் புலனாகும். எரிமலைக் குழம்போ வெளியே விரைந்து குளிர்வது. ஆதலின் அதன் மணிகள் மிக நுண்ணியவை. எனவே, கல்லே தன் பிறப்பைக் கூறும் என்க.

இந்தியாவில் இன்று உயிர்ப்புள்ள எரிமலையைக் காணவேண்டின், தமிழரும் பலராய் வாழும் அந்தமானுக்குச் செல்லவேண்டும். போர்ட் பிளேயருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 140 கி.மீ. தொலைவில், மாந்தர் குடியற்ற பாரன் தீவு உள்ளது. வெறுந்தீவு என்பது அப்பெயரின் பொருள். அதன் குறுக்களவு ஏறத்தாழ 3 கி.மீ.; கடலுக்குமேல் உயரம் 350 மீட்டரளவே. ஆயினும், கடலடியினின்று 2,000 மீட்டருக்குமேல் எழுந்த பெருமலையின் முடியே அத்தீவு.

அங்கே இந்திய நிலத்தட்டு, பர்மியத் தட்டின் கீழ்ச் சரிந்து அமிழ்கின்றது. அமிழும் தட்டினின்று கசியும் நீர், மேலுள்ள வெம்பாறையை எளிதில் உருகச் செய்கின்றது. அவ்வுருகல் மேலெழுந்து, குழம்பாகவும் சாம்பலாகவும் மாறிமாறிப் படிந்து மலையாகின்றது. ‘அடுக்கெரிமலை’ என்று தமிழிற் சொன்ன அளவிலேயே அதன் அமைப்பு விளங்கும் அன்றோ? பழைய மலைமுடி இடிந்தமையால் வட்டமான மதில் எஞ்சியது. அதன் நடுவே புதிய கூம்பு வளர்ந்தது. மேற்கே மதில் உடைந்துள்ள வழியே எரிகுழம்பு கடலை அடைகின்றது.

1787-இல் அதன் சீற்றம் முதன்முதல் பதிவுற்றது. 1789, 1795, 1803 ஆகிய ஆண்டுகளிலும் சீற்றம் கண்டோர் எழுதிவைத்தனர். பின்னர், நூறாண்டுக்கு மேலாக அம்மலை அடங்கிக் கிடந்தது. அவிந்தது என்று எண்ணியிருக்க, 1991-இல் பல திங்கள் நெருப்புமிழ்ந்தது! 1994, 2005, 2017 என அடுத்தடுத்துச் சீறி, 2025-லும் கனன்றது. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் ஐந்தாம் திங்களில் 2005-ஆம் ஆண்டுச் சீற்றம் தொடங்கிற்று. எனினும், முன்னது பின்னதன் கரணியம் என அடுத்து வந்தமை ஒன்றே கொண்டு துணிதல் ஆய்வாகாது.

மாணவர்களே! எரிமலையின் வாழ்நாளில் நூறாண்டு ஓர் இமைப்பொழுது. நார்த்தாமலையைக் கண்டு அஞ்சவும் வேண்டா. வெறுந்தீவின் அமைதியை நம்பி ஏமாறவும் வேண்டா. அச்சமும் அயர்வும் அறியாமையின் இருபிள்ளைகள். கல்லைக் கையிலெடுங்கள், அதன் மணியையும் அடுக்கையும் நோக்குங்கள், கண்டதைத் தமிழில் எழுதுங்கள்!