நத்தைக்கு நஞ்சாகும் தாவரங்கள்

மாரி தொடங்கியதும் நாற்றுகளை இரவோடிரவாகத் தின்று தீர்ப்பது நத்தை. பெரிய ஆபிரிக்க நத்தை 1847இல் மொரிசியசிலிருந்து கல்கத்தாவுக்கும், 1900ஆம் ஆண்டளவில் இலங்கைக்கும் மனிதர் கையாலேயே வந்து சேர்ந்தது.

இதற்குத் தாவரங்களில் மருந்துண்டோ? 1964இல் எதியோப்பிய அறிஞர் அக்லிலு லெம்மா ஓர் ஆற்றங்கரையில் நின்றார். எண்டொட் என்னும் செடியின் பழத்தை அரைத்துப் பெண்கள் ஆடை வெளுத்தனர். அத்துறையின் கீழே நத்தைகள் செத்துக் கிடந்தன. நுரை தரும் சப்போனின் நத்தையின் கலங்களது மென்சவ்வைச் சிதைத்ததே காரணம்.

நம் அடுக்களை உள்ளியும் இத்தகையதே. அதனை நசுக்கும்போது உண்டாகும் அலிசின், நத்தையின் நரம்புச் செய்தியை உரிய வேளையில் நிறுத்தும் நொதியத்தைத் தடுக்கின்றது என்பதைக் கோரக்பூர் ஆய்வாளர் நீர்நத்தைகளிற் கண்டனர். செய்தி ஓயாது பாய, நத்தை செயலிழக்கின்றது.

இதனைக் கூறியபோது மாணவனொருவன், "அப்படியாயின் நாம் உள்ளியை உண்கின்றோமே, ஐயா?" என்றான். கலை பயின்ற நான் இரசாயன நூலைப் புரட்டியே விடை சொன்னேன். அதே நொதியம் நமக்கும் உண்டு, மீனுக்கும் உண்டு. மருந்தையும் நஞ்சையும் பிரிப்பது அளவே. சப்போனின் சிறிதளவு நீரிற் கலந்தாலும் மீன் மடியும்.

நமது குடாநாடோ சுண்ணக்கல் நிலம். மண்ணில் ஊற்றியது பாறைப் பிளவுகளின் வழியே கிணற்றைச் சேரும். ஆகவே, செடியின் சாறுதானே என்று கிணற்றடியிலும் குளத்திலும் ஊற்றாதீர்கள். கையுறை அணிந்து நத்தைகளைப் பொறுக்கி அழிப்பதே முதல் வழி. சாறு அதற்குப் பின்.