குப்பைமேட்டில் தேடப்பட்டவர்கள்

கனடாவின் வினிபெக் நகரில் 2022இல் ஒருவன் நான்கு பூர்வகுடிப் பெண்களைக் கொன்றான். இருவரின் உடல்கள் ஒரு குப்பைமேட்டில் கிடப்பதாகத் தெரிந்தும், தேட முடியாது என்றது போலீஸ். நச்சுக் கழிவாம், பெருஞ்செலவாம். 2023 தேர்தலில் மாகாண ஆளுங்கட்சி, தேட மாட்டோம் என்பதையே விளம்பரம் செய்து ஓட்டுக் கேட்டது! தோற்றது. குடும்பத்தார் விடாமல் போராடினார்கள். புதிய அரசு தேடியது. 2025இல் இருவரும் கிடைத்தார்கள்.

மரக்காணத்தில் இதை ஏன் பேசுகிறேன்? திருக்கோவிலூர் காவலர்கள் தங்களை வன்புணர்ந்ததாக 2011 நவம்பரில் நான்கு இருளர் பெண்கள் புகார் கொடுத்தார்கள். அன்று அதுவும் நம் விழுப்புரம் மாவட்டம்தான். எத்தனை ஊர் திரண்டது? இந்த உப்பளத்தில் உப்பு வாரும் இருளர் பெண் ஒருத்தி நாளை வேலைக்கு வரவில்லை என்றால், மேஸ்திரி அவளைத் தேடுவாரா, மாற்று ஆளைத் தேடுவாரா? காணவில்லை என்று சொன்ன அன்றே ஸ்டேஷனில் வழக்குப் பதிய வேண்டும். கேட்போம்.