ஆற்றல் செல்லும் பாதை



ஒரு பொறியில் ஆற்றல் பிறக்கும் இடம் ஒன்று. அது வேலை செய்யும் இடம் வேறொன்று. கமலை இறைக்கும் எருது சரிவில் நடக்கிறது. நீரோ கிணற்றிலிருந்து மேலே வருகிறது. இரண்டையும் இணைப்பவை வடமும் உருளையும் ஆகும். ஆற்றலைப் படைப்பது பாதி வேலை. அதைச் சேரவேண்டிய இடத்தில் சேர்ப்பது மறுபாதி. அந்த மறுபாதியைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் ஒரு பாய்ப்படகை எண்ணிப் பாருங்கள். காற்று ஓய்ந்தபோதும் துறைக்குள் நுழையும்போதும் உதவ அதில் ஒரு சிறு எஞ்சின் உண்டு. அதன் விசையை நீருக்குள் இருக்கும் சுழல்விசிறிக்குக் கொண்டு செல்ல இரு வழிகள் உள்ளன. ஒன்று, எஞ்சினிலிருந்து நீண்ட தண்டு ஒன்றைப் படகின் பின்புறமாகச் சாய்வாக வெளியே செலுத்துவது. மற்றொன்று, எஞ்சினுக்குக் கீழே பற்சக்கரங்கள் அடங்கிய ஒரு காலைப் படகின் அடித்தளத்தின் வழியே நேராக நீருக்குள் இறக்குவது. தண்டு எளிமையானது, நெடுங்காலம் உழைப்பது, சிறு துறைகளிலும் பழுதுபார்க்கத் தக்கது. ஆனால் எஞ்சினும் தண்டும் ஒரே கோட்டில் துல்லியமாக அமையாவிட்டால் படகு அதிரும். இறங்கு கால் இடத்தை மிச்சப்படுத்துகிறது, அதிர்வும் குறைவு. ஆனால் அதன் அலுமினிய உடல் எந்நேரமும் உப்புநீரில் ஊறுகிறது. அரிப்பைத் தான் ஏற்றுக் கரையும் துத்தநாகக் கட்டியை அடிக்கடி மாற்றவேண்டும். படகின் துளையை அடைத்து நிற்கும் ரப்பர்த் தடுப்பையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். அதற்குப் படகைக் கரையேற்றியாக வேண்டும்.

கடலே காணாத ஓசூர்க்காரருக்குப் படகு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இதே வினா நம் ஊர்த் தெருக்களில் நாள்தோறும் ஓடிக்கொண்டிருக்கிறது! 1980 இல் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50 மொபெட்டில் சங்கிலி சக்கரத்தைச் சுழற்றியது. இங்குள்ள அசோக் லேலண்டு ஆலையின் லாரிகளில் நீண்ட தண்டு பின் அச்சுக்கு விசையைக் கொண்டு செல்கிறது. அது படகுத் தண்டின் உடன்பிறப்பு. பின்னர் மின்சார ஸ்கூட்டர்கள் வந்தன. 2020 இல் அறிமுகமான டி.வி.எஸ். ஐகியூப் வண்டியில் மோட்டார் பின்சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே அமைந்தது. ஓசூர் ஆலையில் உருவான ஏதர் 450 வண்டியிலோ மோட்டார் உடலின் நடுப்பகுதியில் இருந்து, பெல்ட்டின் வழியே சக்கரத்தைச் சுழற்றுகிறது. ஒரே ஊர், ஒரே வகை வண்டி, விடைகள் இரண்டு.

இவற்றின் நன்மை தீமைகளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். சக்கரத்துக்கு 140 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை வேண்டும் என்று கொள்வோம். பெல்ட் வண்டியில் மோட்டார் ஏழு சுற்றுச் சுற்றும்போது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால், மோட்டார் 20 நியூட்டன் மீட்டர் கொடுத்தாலே போதும். எனவே மோட்டார் சிறியதாக இருக்கலாம். குடத்து மோட்டாருக்கு இந்த உதவி இல்லை. 140 முழுவதையும் அதுவே தரவேண்டும். அதற்காகச் செம்பும் காந்தமும் கூடுதலாக வேண்டும். ஏற்றத்தில் மெதுவாக ஏறும்போது மின்னோட்டம் பெருகும். மின்னோட்டம் இரு மடங்கானால் கம்பியில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதை நீங்கள் வகுப்பில் படித்திருப்பீர்கள். மேலும், குடத்து மோட்டாரின் எடை முழுவதும் சக்கரத்திலேயே இருப்பதால், பள்ளத்தில் விழும் ஒவ்வொரு அடியையும் அது நேரே வாங்குகிறது. ஆனால் அதற்குத் தேயும் பெல்ட் இல்லை, இறுக்கவேண்டிய வேலை இல்லை, இடைவழியில் விரயமும் இல்லை. சமவெளியில் அது அமைதியாக ஓடும்.

இரு சக்கர வண்டிகளைப் பழுதுபார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு என்னிடம் வந்தார். மலையடிவாரச் சிற்றூரிலிருந்து பால் கொண்டு சென்று விற்கும் அவருடைய தங்கை, சீட்டுப் பணத்தில் மின்வண்டி வாங்க விரும்பினார். "ஐயா, எது சிறந்தது?" என்று கேட்டார். "தம்பி, எந்தச் சாலை, எவ்வளவு சுமை, யார் பழுதுபார்ப்பார், பழுதானால் எத்தனை நாள் பொறுக்க முடியும்? இந்த நான்கையும் முதலில் சொல்" என்றேன். சாலை ஏற்றமானது, கற்கள் நிறைந்தது. சுமை இரண்டு பால் கேன்கள். பழுதுபார்க்க அண்ணன் இருக்கிறார். ஒரு நாள் வண்டி நின்றால் அன்றைய பால் கெட்டுவிடும். ஆகவே பெல்ட் வண்டியே பொருத்தம் என்று முடிவு செய்தோம். கல் சிக்குகிறதா என்று வாரந்தோறும் பெல்ட்டைப் பார்க்கவேண்டும் என்பதும் அந்த முடிவின் ஒரு பகுதியே. ஓசூர் நகருக்குள் சமதளத்தில் பள்ளிக்குச் சென்று வரும் ஓர் ஆசிரியை கேட்டிருந்தால், குடத்து மோட்டாரை வாங்கச் சொல்லியிருப்பேன்.

உங்களுக்கு ஒரு கணக்கு. கிருஷ்ணகிரி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரம். ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர். வண்டியும் ஆளும் சுமையும் சேர்ந்து 250 கிலோ என்றால், அந்த 400 மீட்டர் உயர்வுக்கு மட்டும் வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய பத்து லட்சம் ஜூல். அது கால் யூனிட் மின்சாரத்துக்குச் சற்றே அதிகம். காற்றின் தடையும் சாலையின் உராய்வும் தனி. விளம்பரத்தில் கண்ட கிலோமீட்டர்க் கணக்கு ஏற்றச் சாலையில் ஏன் குறைகிறது என்பதை இனி நீங்களே பிறருக்கு விளக்கலாம்.

நம் எல்லைப் பகுதியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் தொழிற்கூடங்கள் பல உள்ளன. நாளை உங்களுள் சிலர் அங்கே வரைபடத்தின் முன் அமர்ந்து, மோட்டாரை எங்கே வைப்பது என்று தீர்மானிப்பீர்கள். அப்போது எது புதியது, எது பெயர் பெற்றது என்று கேளாதீர்கள். இதை ஓட்டப்போகிறவர் யார், அவர் போகும் வழி எது, வண்டி நின்றால் அவருக்கு நேரும் இழப்பு என்ன என்று கேளுங்கள். விடை தானே புலப்படும்.