"ஸ்கேல் எங்கேப்பா?"

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"இன்ஜினியரைப் பேசக் கூப்பிட்டா, பொம்மைச் சிப்பாயைப் பத்திப் பேச வந்துட்டானே!" என்று பின்வரிசையில் என் நண்பர்கள் சிரிப்பது கேட்கிறது. சிரிங்க, பரவாயில்லை. முதலாண்டு டிராயிங் ஹாலில் ஷீட்டை நீட்டும்போதெல்லாம் நம் சார் கேட்டது ஒரே கேள்விதான்: "ஸ்கேல் எங்கேப்பா?" அந்தக் கேள்வியின் ஆழம் எனக்குப் புரிந்தது இந்தப் பொம்மைகளால்தான்.

மேசைமேல் சிறு சிப்பாய்களை நிறுத்தி, அளவுகோலால் அளந்து நகர்த்திப் போர் நடத்தும் விளையாட்டுக்கு, நாவலாசிரியர் எச்.ஜி. வெல்ஸ் 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற நூலில் விதிகள் எழுதினார். சுருள்வில் வைத்த பொம்மைப் பீரங்கியால் மரத்துண்டைச் சுட்டு, எதிரியின் ஈயச் சிப்பாயை வீழ்த்துவது அவர் முறை. அந்தக் காலத்துச் சிப்பாயின் உயரம் 54 மி.மீ.; அதாவது ஏறத்தாழ 1:32.

இன்று பெரிதும் புழங்குவது 28 மி.மீ. இங்கேதான் வேடிக்கை. 28 என்பது ஸ்கேல் அல்ல, உயரம். எதன் உயரம்? ஒரு தயாரிப்பாளர் உச்சந்தலை வரை அளப்பார், இன்னொருவர் கண் வரை அளப்பார். இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் அண்ணன் தம்பி போல இருக்கும்! தோராயமாக 1:60 என்று வைத்துக்கொள்வோம். நிஜத் துப்பாக்கியின் குழல் 15 மி.மீ. தடிமன் என்றால் பொம்மையில் கால் மி.மீ. அவ்வளவு மெல்லிய இடத்துக்குள் உருகிய உலோகம் சரியாக ஓடாது. ஓடினாலும் கை பட்டதும் ஒடிந்துவிடும். அதனால் துப்பாக்கி, கை, தலை எல்லாவற்றையும் வேண்டுமென்றே பெரிதாக்குகிறார்கள். ஸ்கேல் சொல்வது ஒன்று. வார்ப்பு அனுமதிப்பது ஒன்று.

தூரத்துக்கு வாருங்கள். ஆறடி மேசை 1:60-இல் வெறும் 110 மீட்டர். 300 மீட்டர் சுடும் துப்பாக்கிக்கு 5 மீட்டர் மேசை வேண்டும்! ஆகவே ஆளுக்கு ஒரு ஸ்கேல், நிலத்துக்கு வேறொரு ஸ்கேல் என்று வைத்துக்கொள்கிறார்கள். கப்பல் விளையாட்டில் 1:1200 உண்டு. அதில் பிஸ்மார்க் கப்பல் 21 செ.மீ.தான். ஆனால் 1941 மே 24 அன்று அதுவும் ஹூட் கப்பலும் மோதத் தொடங்கியபோது இடையே சுமார் 24 கி.மீ.; அந்த ஸ்கேலில் 20 மீட்டர். இந்த மேடையிலிருந்து பின்வரிசை நண்பர்கள் வரை என்று வையுங்களேன்.

அடுத்தது பொருள். 1893-இல் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் ஒரு வழி கண்டது. ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, வெளித்தோல் உறைந்ததும் உள்ளே மிச்சமிருக்கும் திரவத்தைக் கவிழ்த்துவிடுவது. உள்ளே வெற்றிடம், எடை குறைவு, விலையும் குறைவு. பிறகு பிளாஸ்டிக் வந்தது. மென்மையான பாலிஎதிலீன் பொம்மை உடையாது, ஆனால் பெயின்ட் ஒட்டாமல் உரிந்துவிடும். பாலிஸ்டைரீனில் பெயின்ட் ஒட்டும், ஆனால் எஃகு அச்சுக்கு ஆகும் செலவு ஆயிரக்கணக்கில் விற்றால்தான் திரும்பும். குறைந்த எண்ணிக்கை போதுமென்றால் ரப்பர் அச்சும் உலோகமும், இல்லாவிட்டால் ரெசின்.

இதெல்லாம் தெரிந்த நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஈயம் 327 டிகிரியில் உருகும், நன்றாக ஓடும், விலையும் மலிவு" என்று கணக்குப் போட்டு, தூண்டில் ஈயக்குண்டுகளை உருக்கி வீட்டிலேயே ஒரு படைப்பிரிவு வார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தால், என் மூன்று வயது மகள் ஒரு தளபதியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருக்கிறாள். ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை நானும் மனைவியும் தூங்கவில்லை. "சிகிச்சை தேவையில்லை" என்றார் டாக்டர். என் மனைவி திட்டவில்லை. "இதை யார் தொடுவாங்கன்னு நீங்க யோசிக்கவே இல்லையா?" என்று மட்டும் கேட்டாள். பதில் இல்லை என்னிடம்.

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை நான் படித்தது அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு. இப்போது ஈயம் கலக்காத வெள்ளீயக் கலவை மட்டுமே வாங்குகிறேன். விலை பல மடங்கு. உருக்குவதும் ஜன்னல் திறந்த பின்கட்டில்தான், அதற்கென்றே வைத்த பாத்திரத்தில்தான்.

மாணவத் தம்பி தங்கைகளே, உருகுநிலை, இழுவிசை, விலை எல்லாம் உங்கள் புத்தகத்தில் அட்டவணையாக இருக்கிறது. யார் கையில் போய்ச் சேரும் என்ற பத்தி மட்டும் அதில் இல்லை. அதை நீங்களே பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். ஷீட்டின் மூலையில் ஸ்கேலையும் மறக்காமல் எழுதுங்கள். சார் இன்னும் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.