தாங்கும் கட்டில்



மிகிந்தலை மலையடிவாரத்திலே பழைய வைத்தியசாலையொன்றின் இடிபாடுகள் இருக்கின்றன. அது கி.பி. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர் ஆய்வாளர். அங்கே கல்லைக் குடைந்து செய்த மருந்துத் தோணியொன்றை இன்றும் காணலாம். மனிதன் மல்லாந்து படுத்தால் தலையும் தோளும் காலும் எங்கெங்கே அமையுமோ, அவ்வாறே அதன் உட்புறம் செதுக்கப்பட்டிருக்கிறது. நோயாளியை அதிற் கிடத்தித் தைலத்திலும் மூலிகைச் சாற்றிலும் ஊற வைத்தார்கள். கேரளத்து வைத்தியர்கள் எண்ணெய்ச் சிகிச்சைக்கு இன்றும் மரத்தோணியைக் கையாளுகிறார்கள். கல்லாயினும் மரமாயினும் அவற்றின் உட்பொருள் ஒன்றே. படுத்திருப்பவர், "விழுந்துவிடுவேனோ" என்று ஒரு கணமேனும் எண்ணலாகாது. அச்சம் குடிகொண்ட உடலிலே தசை தளராது. தசை தளராவிட்டால், நீவுகின்ற கையின் திறமையெல்லாம் வீணே.

இப்பழஞ்செய்தியை நான் எடுத்துக் கூறுவதற்குக் காரணமுண்டு. நமது மலையகத் தோட்டங்களிற் பிறந்த பெண்கள் பலர் இன்று அழகுக்கலையும் எண்ணெய் நீவும் தொழிலும் கற்று, ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியா போன்ற நகரங்களிலே சிறு நிலையங்களை நடத்தி வருகின்றனர். அவர்களுடைய முதற் செலவுகளிற் பெரியது சிகிச்சைக் கட்டில். அதனைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

எனக்குத் தெரிந்த இளம்பெண் ஒருத்தி, தாயின் சேமலாப நிதியிலிருந்து கிடைத்த பணத்திலே, மடக்குக் கட்டில் ஒன்றை வாங்கினாள். விலை மலிவு, பார்வைக்கும் அழகு. நிலையம் திறந்த சில நாட்களில், நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற பாட்டி ஒருவர் இடுப்பு வலியென்று வந்தார். நீவி முடித்தபின் அவர் எழுந்து, இறங்குவதற்காகக் கட்டிலின் கால்மாட்டிலே அமர்ந்தார். மறுகணம் தலைமாடு மேலே கிளம்பிற்று. அந்தப் பெண் ஓடித் தாங்கிக்கொண்டமையால் காயம் எதுவும் இல்லை. ஆனால், பாட்டி சொன்னது இது: "ஏம் பாரந்தான் புள்ள, ஒன் கட்டிலு என்னா செய்யும்? மன்னிச்சிரு."

நேயர்களே, வாழ்நாள் முழுவதும் பிறர் பாரத்தைச் சுமந்த ஒருவர், தம் பாரத்தைத் தாங்காத கட்டிலிடம் மன்னிப்புக் கேட்கிறார். குற்றம் யாருடையது? கட்டிலின் கால்கள் முனையிலிருந்து மிகவும் உள்ளே தள்ளி அமைந்திருந்தன. வாங்கும்போது அதனை ஒருவரும் பார்க்கவில்லை.

ஆகவே, முதலாவதாகப் பார்க்க வேண்டியது பாரம். விற்பனைச் சீட்டில் இத்தனை கிலோ தாங்கும் என்று பெரிய எண் இருக்கும். அது பல வேளைகளில் அசையாத பாரத்தைக் குறிப்பது. கட்டில் முழுவதும் சமமாக, மெதுவாக வைத்த சுமை. நமது தொழிலிலோ பாரம் அசைகிறது. 90 கிலோ உடையவர் படுத்திருக்கிறார். 60 கிலோ உடைய பெண் தன் பாரத்தில் பாதியைக் கையிலே ஊன்றி அழுத்துகிறாள். ஆக 120 கிலோ. அவர் புரண்டு படுக்கும்போதும் ஏறி இறங்கும்போதும் அப்பாரம் ஒரு மூலையிலே அதிர்ச்சியோடு விழுகிறது. ஆதலால், "வேலை செய்யும்போது எவ்வளவு தாங்கும்?" என்று கேளுங்கள். 200 கிலோவுக்குக் குறைந்ததை வாங்காதிருத்தல் நலம். அதற்குமேல் உங்கள் உடலையே சான்றாக வையுங்கள். முனையில் அமர்ந்து கால்களைத் தரையினின்றும் தூக்குங்கள். நடுவிலே ஒரு முழங்காலை ஊன்றி அழுத்துங்கள். படுத்துப் புரண்டு, கிரீச்சென்ற ஒலி எழுகிறதா என்று கேளுங்கள். மூலையைப் பற்றி நீளவாக்கில் ஆட்டுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால், வேறு கடை பார்ப்பதே விவேகம்.

இரண்டாவது உயரம். இதிலே பாதுகாக்கப்படுவது நீவுபவரின் முதுகு. தொழில் செய்யும் செருப்போடு நிமிர்ந்து நின்று, கைகளைத் தொங்கவிட்டு, விரல்களை இலேசாக மடக்குங்கள். விரல் முட்டிகள் மேற்பரப்பைத் தொட்டால், அழுத்தி நீவுவதற்கு அவ்வுயரம் பொருந்தும். அதனினும் தாழ்ந்தால் இடுப்பு வளையும். உயர்ந்தால் தோள் இழுக்கும். முக அழகு வேலையை அமர்ந்தே செய்ய வேண்டும். அதற்குத் தலைமாட்டின் கீழே முழங்கால் நுழைய இடமிருத்தல் அவசியம். அங்கே குறுக்குச் சட்டம் வைத்தலாகாது. இரு வேலைகளையும் ஒரே கட்டிலிற் செய்பவர்கள், 24 அங்குலம் முதல் 33 அங்குலம் வரை கால்களை ஏற்றி இறக்கக்கூடியதைத் தேடலாம். நீளம் 6 அடியும், அகலம் 28 முதல் 30 அங்குலமும் போதும். அகலம் கூடினால் படுப்பவருக்குச் சுகம். எட்டிக் குனிபவருக்கு நோவு. ஏறி இறங்க, வழுக்காத அகன்ற படிப்பலகை ஒன்றும் பக்கத்திலே இருக்கட்டும்.

மூன்றாவது மரமும் மூட்டும். இங்கே நமது மலையின் காலநிலையை மறத்தலாகாது. வட்டவளையும் கினிகத்தேனையும் இத்தீவிலே மிகுந்த மழை பெய்யும் இடங்கள். தென்மேற்குப் பருவத்தில் வாரக்கணக்காக ஈரம் காயாது. ஈரத்தில் மரம் பருக்கும், வெயிலிற் சுருங்கும், அதனால் திருகாணி தளரும், இரும்பு துருப்பிடிக்கும். தேயிலைக்கு நிழலாக நட்ட சவுக்கு மரம் மலிவாகக் கிடைக்கும். ஆனால், பாரந்தாங்கும் கால்களுக்கு அதனை நம்பலாகாது. கிராண்டிஸ் வலியதுதான், நன்கு பதப்படாதது முறுகி வெடிக்கும். பதப்பட்ட பலாவும் தேக்கும் நம்பத்தக்கவை. ஆசாரியிடம் செய்விப்போர், ஆணி அடித்து மட்டும் இணைக்காமல், துளையும் முளையுமாகப் பொருத்தி, துருவேறாத மரையாணியால் முடுக்கச் சொல்லுங்கள். கால்களுக்கிடையே நீளவாட்டிலும் குறுக்கிலும் சட்டம் வேண்டும். தலைமாட்டில் மாத்திரம் குறுக்குச் சட்டத்தைச் சற்று உள்ளே தள்ளி அமைக்கலாம். கால்கள் முனையை ஒட்டி நிற்கட்டும். வாரம் ஒருமுறை மரையாணிகளை முடுக்கிப் பார்ப்பது, அடுப்பைத் துடைப்பது போன்ற வழக்கமாகிவிட வேண்டும்.

மெத்தையைப் பற்றிச் சுருக்கமாகக் கூறுவேன். இரண்டு முதல் மூன்று அங்குலத் தடிப்புள்ள கெட்டியான போம் போதுமானது. கைமுட்டியால் அழுத்தினால் அடிப்பலகை தட்டுப்படலாகாது. மேலுறை எண்ணெய் ஊறாத ரெக்சீனாக இருக்கட்டும். தையல் மேற்பரப்பிலே வராமல் ஓரத்திலே அமையட்டும். ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு துணி விரித்து, வேலை முடிந்ததும் சவர்க்கார நீராலே துடைத்து உலர்த்துங்கள். அடிப்பலகையிற் சில துளைகள் இட்டால் காற்றுப் புகும், பூஞ்சணம் குறையும்.

மடக்குக் கட்டிலே கூடாது என்று நான் கூறவில்லை. மணப்பெண் அலங்காரத்துக்கும் வீட்டு வேலைக்கும் பஸ்ஸிலே தோட்டந்தோட்டமாகச் செல்வோருக்கு அது இன்றியமையாதது. அவர்கள் அடியிலே இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பியையும், நடுவில் முழு அகலத்துக்கும் ஓடும் கீலையும், கால் பூட்டுகளையும் பார்த்து வாங்கட்டும். ஓரிடத்திலே தொழில் செய்வோருக்கு மடக்காத கட்டிலே சிறந்தது. இடம் போதாதே என்று அஞ்ச வேண்டியதில்லை. பழைய லயத்துக் காம்பராவின் அளவான பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையிலும், 6 அடிக் கட்டிலிட்டு, இரு பக்கமும் தலைமாட்டிலும் இரண்டரை அடி விட்டு வேலை செய்யலாம்.

நான் கூறிய பெண் பின்னர் என்ன செய்தாள்? மடக்குக் கட்டிலை நட்டத்துக்கு விற்றாள். ஊர் ஆசாரியிடம் பலாமரத்திலே ஒன்று செய்வித்தாள். கடன் தீர ஆறு மாதம் சென்றது. கட்டில் வந்த அன்று, அந்தப் பாட்டியைத் தானே சென்று அழைத்து வந்தாள். பாட்டி படிப்பலகையில் ஏறி, முதலிலே அந்தக் கால்மாட்டிலேதான் அமர்ந்து பார்த்தார். கட்டில் அசையவில்லை. பிறகு ஒன்றும் பேசாமற் படுத்தார். நீவத் தொடங்கிய சற்று நேரத்தில் உறங்கியும்விட்டார்.

கொழுந்துக் கூடையின் கயிறு தலையை அழுத்த, சரிவிலே நின்று தேய்ந்த உடல்கள் நம்மிடையே எத்தனையோ. அவ்வுடல்கள் ஒரு மணி நேரம் அச்சமின்றிச் சாய்வதற்கு ஓர் இடம் அமைப்பது சிறிய தொழிலன்று. தொழில் தொடங்கும் சகோதரிகளே, கண்ணாடியையும் விளக்கையும் பிறகு வாங்கலாம். முதலிலே கட்டிலை வாங்குங்கள். அதிலே முதலாவதாக நீங்களே படுத்துப் பாருங்கள்.