சொல்லாது விட்ட பொருள்: கவிதையும் கேட்போரும்



ஓய்வு பெற்ற மொழியியலாளன் ஒருவனைக் கவிதை பற்றிப் பேச அழைத்திருக்கின்றீர்கள். யான் கவிஞன் அல்லேன். இளமையில் சில கவிதைகள் எழுதியதுண்டு. அவற்றுள் ஒன்றால் எனக்கு நேர்ந்த பிழையை இன்று இந்த அவையில் சொல்லிவிட வேண்டும் என்பதே இவ்வழைப்பை ஏற்றதற்கு முதற்காரணம். அதற்கு முன்பாக நம் மரபின் பழைய கதை ஒன்றை நினைவுகூர விரும்புகிறேன்.

1. எழுதியவர் விளக்காத நூல்

இறையனார் களவியல் உரையில் வரும் கதை இது. பாண்டிய நாட்டில் பன்னீராண்டு வற்கடம் வந்தது. பஞ்சம் தீர்ந்தபின் எழுத்தும் சொல்லும் வல்லார் கிடைத்தனர்; பொருளதிகாரம் வல்லார் கிடைக்கவில்லை. அரசன் வருந்தியபோது, மதுரை ஆலவாயில் இறைவனே 60 சூத்திரங்களைச் செப்பேட்டில் எழுதித் தன் பீடத்தின்கீழ் இட்டான். நூல் கிடைத்துவிட்டது, பொருள் விளங்கவில்லை. சங்கப் புலவர் ஒவ்வொருவரும் ஓர் உரை கண்டனர். எது மெய்யுரை எனத் துணிய, உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயதுச் சிறுவன் முன் உரைகள் வாசிக்கப்பட்டன. அவனோ ஊமை. மருதன் இளநாகனார் உரை கேட்டபோது சிற்சில இடங்களில் அவன் கண்ணீர் வார்ந்து மெய்சிலிர்த்தான். நக்கீரர் உரை கேட்டபோது பதந்தோறும் அவ்வாறு ஆயினான். அதுவே மெய்யுரை எனக் கொண்டனர்.

இதனை வரலாறு எனக் கொள்ள வேண்டுவதில்லை. ஆனால் இதனைப் புனைந்த மனத்தை எண்ணிப் பாருங்கள். நூலாசிரியன் இறைவன், அவனே முன்வந்து 'இதன் பொருள் இது' எனச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தீர்ப்பளித்தவனுக்கு வாய் பேச வராது, அவனும் விளக்கவில்லை. படைத்தவனின் மௌனத்துக்கும் கேட்டவனின் மௌனத்துக்கும் நடுவே புலவர் பலர் பொருள் தேடினர். பல உரைகள் எழுந்தன. அவற்றுள் தரமும் காணப்பட்டது. இன்றைய என் உரையின் சாரம் முழுதும் இக்கதையிலேயே இருக்கிறது.

2. செய்யுளின் உறுப்பாகிய கேட்போர்

தொல்காப்பியர் செய்யுளியலின் தொடக்கத்தில் செய்யுளின் உறுப்புகள் 34 எனத் தொகுக்கிறார். மாத்திரை, அசை, சீர், அடி, தொடை போன்றவற்றை நாம் வகுப்பில் நடத்துகிறோம். அதே பட்டியலில் வேறு மூன்று உறுப்புகள் உள்ளன. அவற்றை விரைந்து கடந்துவிடுகிறோம். அவை கேட்போர், எச்சம், முன்னம் என்பன.

'கேட்போர்' என்பது முதற்கண் பாட்டினுள்ளே யாரிடம் கூற்று நிகழ்கிறதோ அவரைக் குறிக்கும். தலைவி சொல்லத் தோழி கேட்பாள். தோழி சொல்லத் தலைவன் சிறைப்புறத்தே நின்று கேட்பான். கேட்பவர் மாறினால் சொல்லின் பொருளும் மாறும். ஆதலால் கேட்போர் செய்யுளுக்குப் புறத்தே இருப்பவர் அல்லர். சீரும் அடியும் போல அதன் உறுப்பு.

'எச்சம்' என்பது சொல்லாது எஞ்சி நிற்பது. சில இடங்களில் ஒரு சொல்லால் அதனை நிரப்பலாம். சில இடங்களில் குறிப்பால்தான் உணர முடியும். சொல்லாது விடுவதைக் குறையாகக் கருதாமல் செய்யுளின் உறுப்பு என ஒரு பேரிலக்கணம் கணக்கிட்டது என்பதை மாணவர்கள் உள்ளத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். 'முன்னம்' என்பது, இச்சொல்லை இவ்விடத்தில் இவர் இவர்க்குச் சொல்லுதல் பொருந்தும் எனப் பாட்டைக்கொண்டே உணர்வது. எச்சம் வாசகனுக்கு உரிமை தருகிறது; முன்னம் அவனுக்குப் பொறுப்புத் தருகிறது. இவ்விரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மேலைநாட்டில் 1967ஆம் ஆண்டு ரோலண் பார்த் என்னும் பிரெஞ்சுத் திறனாய்வாளர், வாசகன் பிறக்க வேண்டுமாயின் ஆசிரியன் மறைய வேண்டும் என்னும் கருத்துப்பட எழுதினார். காசுமீரத்து ஆனந்தவர்த்தனர் 9ஆம் நூற்றாண்டிலேயே, சொல்லப்படும் பொருளினும் தொனிக்கும் பொருளே கவிதையின் உயிர் என நிறுவினார். தமிழ் மரபோ எவரையும் மறையச் செய்யவில்லை. ஆசிரியனுக்கும் கேட்பவனுக்கும் ஒரே செய்யுளுள் இடம் வகுத்தது.

3. செம்மண்ணும் மழைநீரும்

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். குறுந்தொகையின் 40ஆம் பாட்டு நீங்கள் அனைவரும் அறிந்தது. ஐந்தே அடிகள். தாயர்க்குள் உறவில்லை, தந்தையர்க்குள் உறவில்லை, நாம் இருவரும் முன்பின் அறிந்தவர் அல்லர். ஆயினும் செம்மண்ணில் பெய்த நீர்போல நெஞ்சங்கள் கலந்தன என்பது அதன் கருத்து. பாடியவர் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் ஆண்ட உவமையே செம்புலப்பெயனீரார் என அவர்க்குப் பெயராயிற்று.

இப்பாட்டைப் பேசுபவர் யார்? 'தலைவன் கூற்று' என்று விரைந்து விடை சொல்வீர்கள். அவ்விடை பாட்டில் இல்லை; பாட்டின்கீழ் உள்ள குறிப்பில் இருக்கிறது. அத்தகைய துறைக்குறிப்புகள் பின்னர்ச் சேர்க்கப்பட்டவை என்பதே அறிஞர் பலர் கருத்து. பாட்டை மட்டும் எடுத்து இலக்கணக் கண்ணால் பாருங்கள். தமிழில் தன்மைக்கும் முன்னிலைக்கும் ஆண்பால் பெண்பால் வேறுபாடு இல்லை. 'யான்' என்பவர் ஆடவராகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். இப்பாட்டில் விளியும் இல்லை. பால் காட்டும் வினைமுற்றும் இல்லை. ஏ.கே. இராமானுசன் 1967இல் தம் ஆங்கில மொழிபெயர்ப்பு நூலில் இதற்கு 'அவன் கூறியது' எனத் தலைப்பிட்டார். அவரும் குறிப்பின் வழியே நடந்தார். அது தவறன்று. ஆயினும் ஒருத்தி கூறியதாக இதனைப் படித்துப் பார்க்கும் மாணவியைத் தடுக்க ஓரெழுத்தும் இப்பாட்டில் இல்லை.

உவமையையும் நோக்குங்கள். மழைநீர் செம்மண்ணின் நிறத்தைப் பெறுகிறது. மண் நீரின் நெகிழ்வைப் பெறுகிறது. யார் நீர், யார் நிலம்? பிரிக்க இயலாமையா பாட்டின் கருத்து? ஒன்று மற்றொன்றாக மாறுவதா? கவிஞர் சொல்லவில்லை. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக நாம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பிற பாட்டுகளிலும் இந்நிலை உண்டு. சங்க அகப்பாடல்களின் துறைக்குறிப்புகள் சிலவற்றில், ஒரு சூழலைச் சொன்னபின் 'இவ்வாறு கூறியதும் ஆம்' என்னும் வகையில் இன்னொரு சூழலும் தரப்பட்டுள்ளது. பண்டை உரைகாரர் இரண்டு வாசிப்புகளை அருகருகே வைத்துவிட்டு அமைதியாக இருந்தனர். அந்த அமைதி நம் வகுப்பறைகளில் குறைந்துவருகிறது.

இந்நாட்டு மாணவர்களுக்கு இதனை விளக்க ஓர் எளிய வழி உண்டு. மலாய்மொழிப் பாடத்தில் பந்துன் படித்திருப்பீர்கள். மலேசியாவும் இந்தோனேசியாவும் இணைந்து முன்மொழிய, 2020இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற வடிவம் அது. நான்கடிப் பந்துனில் முதல் இரண்டடி 'பெம்பாயாங்'. நிழல் என்னும் பொருள்தரும் சொல்லடியாகப் பிறந்தது அப்பெயர். இயற்கைக் காட்சியோ அன்றாடக் காட்சியோ அங்கே வரும். பின்னிரண்டடி 'மக்சூட்', அதாவது கருத்து. நம் உள்ளுறை உவமத்தில் முதற்பகுதி மட்டும் உண்டு. நிழலைக் காட்டிவிட்டுக் கவிஞர் விலகிக்கொள்கிறார். பின்னிரண்டடியை எழுத வேண்டியவர் கேட்போர்.

4. யான் செய்த பிழை

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட செய்திக்கு வருகிறேன். ஆராய்ச்சிப் பணிக்குச் செல்லுமுன் சில ஆண்டுகள் இடைநிலைப்பள்ளி ஒன்றில் தமிழ் கற்பித்தேன். ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு ஒருநாள் யான் எழுதிய நான்கடிக் கவிதையைக் கரும்பலகையில் எழுதினேன்.

தோட்டத்துச் செம்மண்ணில்
காலையில் பதிந்த காலடிகள்
மாலையில் இல்லை.
மழை பெய்திருந்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீட்டுமனைகளாகி, நம் மக்கள் பட்டணப் புறங்களுக்குப் பெயர்ந்த துயரத்தை எண்ணி எழுதியது. இக்காஜாங்கைச் சுற்றிலும் அத்தகைய இரப்பர்த் தோட்டங்கள் இருந்தன, முதியோர் அறிவர். மையக்கருத்து என்ன என்று கேட்டேன். பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, இதைச் சொல்பவரும் காலையில் போய்விட்டவர்தான். மாலையில்தான் திரும்பி வருகிறார். மழை பெய்ததை அவர் பார்க்கவில்லை," என்றாள்.

"அது இல்லை, அம்மா. தோட்டமக்களின் இடப்பெயர்வுதான் மையக்கருத்து. நான் எழுதியது எனக்குத் தெரியாதா?" என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் தன் ஏட்டில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, யான் சொன்னதை எழுதிக்கொண்டாள். அவ்வாண்டு முழுதும் அவள் வேறு எந்தக் கவிதைக்கும் கை உயர்த்தவில்லை.

பல ஆண்டுகள் கழித்துத் தமிழ்த் துணைவினைகளைப் பற்றி ஆராயும்போது 'இரு' என்னும் துணைவினைக்கு வந்தேன். 'மழை பெய்தது' என்பது நிகழ்ச்சியைக் கூறுகிறது. 'மழை பெய்திருந்தது' என்பது பெரும்பாலும், நிகழ்ச்சி முன்னரே முடிந்து, அதன் விளைவைக் கண்டு பேசுபவர் உணரும்போது வருகிறது. ஈரமண்ணைக் கண்டவர் சொல்லும் சொல் அது. எடுத்துக்காட்டுத் தேடியபோது என் கவிதையின் ஈற்றடியே நினைவுக்கு வந்தது. அந்த மாணவி கண்டது முற்றிலும் சரி. என் வினைமுற்றே அதனைச் சொல்லியிருந்தது. எழுதிய நான் அதனைப் படிக்கவில்லை, அவள் படித்திருந்தாள்.

அவள் வாசிப்பின்படி அக்கவிதை வேறொன்றாகிறது. பெயர்ந்து சென்றோரைப் பார்த்து வருந்தும் ஒருவனின் பாட்டாக அன்றி, தானும் விட்டுப்போய், மழை பெய்த வேளையில் உடனிருக்கத் தவறிய ஒருவனின் பாட்டாகிறது. யானும் தோட்டத்தில் பிறந்து பட்டணத்துக்குப் படிக்கப் போனவன்தான். என் கவிதை என்னைப்பற்றிச் சொன்னதை ஒரு பதினேழு வயதுப் பெண் கண்டாள். யான் மறுத்தேன். மொழியியலில் யான் பிற்காலத்தில் கற்றதை அவள் தாய்மொழி உணர்வால் முன்னரே அறிந்திருந்தாள். அவளிடம் இதனைச் சொல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை. ஆகவே உங்களிடம் சொல்கிறேன்.

5. எல்லை எது?

அப்படியாயின் எப்பொருளும் சரியா? இல்லை. அதே வகுப்பில் ஒரு மாணவன், "காதலர் பிரிவு" என்றான். எச்சொல்லைக் கொண்டு அவ்வாறு கூறுகிறாய் எனக் கேட்டிருந்தால் அவனே சற்றுத் தயங்கியிருப்பான். இதுதான் எல்லை. வாசிப்பு ஒன்றா பலவா என்பது வினா அன்று. சொற்கள் அதனைத் தாங்குகின்றனவா என்பதே வினா. முன்னம் என்னும் உறுப்பு செய்யும் பணி அது.

இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இது புதிதன்று. 'பொற்றொடி வந்தாள்' என்றால் வளையல் வந்தது எனப் பொருள் கொள்ளோம்; வளையல் அணிந்த பெண் வந்தாள் என்கிறோம். அந்தப் 'பெண்' தொகைச்சொல்லில் எங்கும் இல்லை. 'வந்தாள்' என்னும் வினை அவளைக் காட்டிக்கொடுக்கிறது. அன்மொழித்தொகையில் சொல்லுக்குப் புறத்தே உள்ள பொருளைச் சொல்லைக்கொண்டே அடைகிறோம். கவிதை வாசிப்பும் அத்தகையதே.

எழுதும் மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். பொருளைத் திறந்து வைப்பது வேறு, மறைத்து வைப்பது வேறு. விடுகதைக்கு ஒரே விடை. அது கிடைத்ததும் கதை முடிந்தது. காட்சியே தெளிவில்லாமல் சொற்களை அடுக்கினால் அது கவிதையும் ஆகாது, விடுகதையும் ஆகாது. இந்நாட்டில் 1964இல் சி. கமலநாதன் 'கள்ளப்பார்ட்டுகள்' எழுதியதிலிருந்து புதுக்கவிதை வளர்ந்து வந்திருக்கிறது. யாப்பை விட்டவர்க்கும் எச்சமும் முன்னமும் விலக்காகவில்லை. காட்சியைத் தெளிவாக எழுதுங்கள். கருத்தை ஈற்றடியில் விளக்காதீர்கள். எழுதி முடித்ததும் கடைசி இரண்டடியை மூடிவிட்டுப் படித்துப் பாருங்கள். அவை இல்லாமலே கவிதை நின்றால், அவை உங்களுக்கு எழுதிக்கொண்ட உரை. கவிதைக்கு உரியவை அல்ல. பிறர் உங்கள் கவிதைக்கு நீங்கள் எண்ணாத பொருளைச் சொன்னால் உடனே மறுக்காதீர்கள். உங்கள் வினைமுற்றை ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

ஆசிரியப் பெருமக்களே, தேர்வுக்கு மையக்கருத்தும் பாடுபொருளும் நயங்களும் வேண்டும். புள்ளி வழங்கும் திட்டம் உங்கள் கையில் இல்லை என்பதை அறிவேன். ஆயினும் மாறுபட்ட விடை வரும்போது, 'இல்லை' என்பதற்கு முன்பாக 'எந்தச் சொல் உன்னை அங்கே அழைத்துச் சென்றது?' என்று கேட்க அரை நிமிடம் போதும். விடை தவறாயின் மாணவனே அதனை உணர்வான். சரியாயின் அன்று நாம் ஒன்றைக் கற்றுக்கொள்வோம்.

உருத்திரசன்மன் ஒரு சொல்லும் பேசவில்லை. பெரும்புலவர் அவை அவன் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தது. நம் வகுப்பின் பின்வரிசையையும் அவ்வாறு சற்றே காத்திருந்து பார்ப்போம்.