ரத்தம் வரலைன்னா ஈறு நல்லா இருக்குன்னு அர்த்தமா?

ஏனாத்தூர்ல இன்ஜினியரிங் படிச்சப்போ டீக்கடையில ஆரம்பிச்ச சிகரெட், வேலைக்கு வந்தும் விடலை. பல் தேய்க்கும்போது ரத்தமே வராது. ஈறு நல்லாத்தான் இருக்குன்னு நம்பினேன். போன மாசம் ஒரு கடைவாய்ப் பல் ஆடுச்சு.

புகை பிடிக்கிறவங்களுக்கு ஈறு நோய் இருந்தாலும் ரத்தக் கசிவு குறைவாத்தான் தெரியுமாம். நம்ம பாஷையில, எரர் இருக்கு, அலர்ட் மட்டும் ஆஃப்.

ஆனா எச்சில் காட்டிக்கொடுக்கும். கிருமியைக் கொல்ல வெள்ளணுக்கள் விடுற வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் அளவு மீறினா, நம்ம செல் சவ்வோட கொழுப்பையே சிதைக்கும். அதுல மிஞ்சுறதுதான் மாலோன்டைஆல்டிஹைடு. ஈறு நோயோட புகைப்பழக்கமும் இருக்கிறவங்க எச்சில்ல இது கூடுதலா இருக்கிறதா பல ஆய்வுகள் சொல்லுது.

இது இன்னும் வழக்கமான டெஸ்ட் ஆகலை. பல் டாக்டர் ஈறு இடுக்குல மெல்லிய கம்பி விட்டு ஆழம் அளப்பாங்க. 3 மில்லிமீட்டர் வரை நார்மல். எனக்கு ஒரு இடத்துல 6. சிகரெட்டை விட்டு 19 நாள் ஆச்சு. டீயை மட்டும் விட முடியலை.